தங்கள் சட்டை தயாராக உள்ளது

வாசலில் கிடக்கும் செருப்புகளை அவளால் சும்மா கடந்து போக முடியாது. யார் வீடாக இருந்தாலும் குனிந்து, இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே இப்படி. வீட்டார் இதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. வந்திருந்த அத்தனை பேரின் செருப்பையும் அளவு வாரியாக அடுக்கிவிட்டாள். துக்கம் விசாரித்துவிட்டு வெளியே வந்தவர்கள் வாசலில் திருதிருவென்று விழித்தார்கள். தூணோரம் கோணலாகக் கழற்றிப் போட்டது, படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது என்று அவரவருக்கு ஓர் அடையாளம் இருந்தது. அந்தக் கோணலெல்லாம் இப்போது காணாமல் போயிருந்தது. இரண்டு பேர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெரியப்பா ஒருவர் வெறுங்காலோடு பேருந்து ஏறினார். தம்பி அன்றைக்கு அவளுக்குச் சீப்பு என்று பெயர் வைத்தான். கலைந்து கிடப்பது எதுவாக இருந்தாலும் வாரிவிடுகிறாள், தலைக்குச் சொந்தக்காரரிடம் கேட்பதில்லை என்பது அவன் சொன்ன காரணம்.

சீப்புக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டது. அவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் அலுவலகத் தொலைபேசியில் அழைத்த தம்பி, வாய் தவறி "சீப்பு இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தான். எடுத்தவர் சக ஊழியர், தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர், எல்லாருக்கும் கண்ணாடி அண்ணன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சீப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லையே தம்பி, எனக்கு முடி கொட்டி ரொம்ப நாளாச்சு" என்றாராம். அன்றிலிருந்து அலுவலகத்திலும் அவள் சீப்புதான்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா சரக்கு வேன் ஓட்டினார். அம்மாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கா" என்று அப்பா சொல்லுவார். விளைவாக அந்தத் தெருவில் யாருடைய கைபேசி படுத்தாலும், தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் கதவு தட்டப்பட்டது. ஒருவர் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் மோட்டார் இருக்கிறதல்லவா என்பது அவர் வாதம். சீப்பு யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தெரியாது என்று சொன்னால், பட்டத்தையே சுவரிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம்.

அந்தப் பயம் வேலையில் சேர்ந்த பிறகும் போகவில்லை. இடம் மாறியதோடு சரி.

வேலை கிடைத்ததே ஒரு கூத்து. ஊர் முழுக்கக் கிளைகள் வைத்திருந்த சலவை நிலையம் ஒன்று இருந்தது. அதற்குக் கணினி நிரல் எழுதித் தந்த சின்ன அலுவலகம் வேறொரு மூலையில் இருந்தது. தம்பி சலவை நிலையத்தில் கவுண்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். சீப்பு அந்தச் சின்ன அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இரண்டும் ஒரே காலையில், எதிரெதிர்த் திசையில் போகும் பேருந்துகளில்.

சலவை நிலையத்து முதலாளியம்மா, யாரைத் தெரியும் என்று உன்னை நம்புவது எனத் தம்பியிடம் கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "உங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை செஞ்சு தர்ற ஆபீஸ்லதான் எங்க அக்கா இருக்கா" என்று அடித்துவிட்டான். அதே நேரத்தில் அங்கே சீப்பிடம், சலவைத் தொழில் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவளும், "என் தம்பி அந்தக் கடையில கவுண்டர்லதான் சார் இருக்கான்" என்றாள். அவன் அப்போது வரிசையில்தான் இருந்தான். அவள் நாற்காலி நுனியில்தான் இருந்தாள். இரண்டு பேரும் பாதி ஆள். ஆனால் அந்த அலுவலக முதலாளி விசாரிப்பதற்காக முதலாளியம்மாவுக்குத் தொலைபேசி போட்டபோது, தம்பியைச் சேர்த்தாகிவிட்டது. அவன் அங்கே இருக்கிறானா என்றதற்கு முதலாளியம்மா ஆமாம் என்றார். அவன் அக்கா உங்கள் ஆளா என்று முதலாளியம்மா திருப்பிக் கேட்க, அப்படிக் கேட்ட மாத்திரத்தில் அலுவலக முதலாளியும் ஆமாம் என்றுவிட்டார். யார் யாரை நம்பி யாரைச் சேர்த்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் வீட்டில் உட்கார்ந்து விஷயத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு அப்பாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒருவர் வேலை போனால் அடுத்தவருடையதும் ஆட்டம் காணும் என்பது மட்டும் இருவருக்கும் புரிந்திருந்தது.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், பல் மருத்துவருக்குமேல் இருந்தது. கீழே பல் பிடுங்கும்போது எழும் சத்தம் மேலே நன்றாகக் கேட்கும். முதலாளி எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். சம்பள உயர்வுக்கும் பார்ப்போம், குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுவதற்கும் பார்ப்போம். அவரைப் பார்ப்போம் சார் என்றே எல்லாரும் சொன்னார்கள், முகத்துக்கு நேரே சார் என்று மட்டும். அலுவலகத்துக்கு வாடிக்கையாளர் என்று இருந்தது அந்த ஒரே சலவை நிலையம்தான். அது போனால் பல் மருத்துவர் மாடியையும் எடுத்துக்கொள்ளலாம்.

சீப்பு தற்காலிக ஊழியர். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள், அதுவும் பார்ப்போம். அந்த நிரல் பல வருடங்களாகப் பலர் கைபட்டது. கோப்பு கோப்பாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். துணிகளைப் பற்றியதெல்லாம் ஒரு கோப்பில், வாடிக்கையாளர்களைப் பற்றியதெல்லாம் இன்னொரு கோப்பில். எந்த இடத்தில் எந்தக் கோப்பு தேவையோ, அங்கே 'இன்ன கோப்பு வரட்டும்' என்று ஒரு வரி எழுதி அதை அழைக்க வேண்டும். நிரல் மொழி அப்போதுதான் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, உள்ளதைக் கற்றுக்கொள்ளும்.

இந்த நிரலை எழுதியவர்கள் குறிப்பு எழுதுவதில் தாராளமானவர்கள். கூட்டல் போடும் இடத்தில் 'இங்கே கூட்டுகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். கழித்தல் போடும் இடத்தில் 'இங்கே கழிக்கிறோம்'. ஆனால் கவுண்டரில் வாங்குவதையும் கொடுப்பதையும் பார்த்துக்கொள்ளும் கோப்பின் தலையில், 'வாடிக்கையாளர் வரட்டும்' என்று ஒரு வரி அனாதையாகக் கிடந்தது. அந்தக் கோப்பில் வாடிக்கையாளரை வைத்து நேரடியாக ஒரு வேலையும் நடக்கவில்லை. ஏன் அழைத்தார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. வருகிறவர் வந்து, சும்மா உட்கார்ந்திருந்தார்.

சீப்பு அதை ஒரு நாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். வாசலில் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடப்பதைப் போல அது அவளை உறுத்தியது. ஒரு மாலை, வீட்டுக்குக் கிளம்பும் முன், அதோடு தேவையில்லாத வேறு சில வரிகளையும் சேர்த்து அழித்தாள். முறைப்படி எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் தேறிவிட்டன, திரை முழுக்கப் பச்சை. கண்ணாடி அண்ணன் எட்டிப் பார்த்து, "வீடு பெருக்கின மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். புதிய பதிப்பு அன்றைக்கே எல்லாக் கிளைகளின் கவுண்டர் கணினிகளுக்கும் போய்விட்டது. அவள் அன்று நல்ல உறக்கம் உறங்கினாள். பெருக்கி முடித்தவர்களுக்கு வரும் உறக்கம்.

மறுநாள் காலை தேநீர்கூட வந்திருக்கவில்லை, தம்பி அழைத்தான்.

"அக்கா, உன் சாமான் படுத்துடுச்சு."

"என்னடா சொல்லுது?"

"சிரிக்குது."

சிரிக்கத்தான் செய்தது. வாடிக்கையாளர்கள் பார்க்கும் திரையில் பயமுறுத்துகிற எழுத்துகள் வரக்கூடாது என்பது பார்ப்போம் சாரின் கட்டளை. அதனால் என்ன தவறு நடந்தாலும் நிரல் ஒரு சிரித்த முகத்தைக் காட்டி, 'மன்னிக்கவும், சற்றுப் பொறுக்கவும்' என்று சொல்லும். உண்மையான பிழை விவரம் உள்ளுக்குள் பதிவாகி, கடை மூடும் நேரத்தில்தான் அலுவலகத்துக்கு வந்து சேரும். அதுவரை கடை பொறுக்க வேண்டும்.

ஆனால் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்கள் பொறுக்கிற ரகம் இல்லை. பேண்டு வாத்தியக் குழு. மதியம் ஒரு பெரிய கடையின் திறப்பு விழாவில் வாசிக்க வேண்டும். அவர்களுடைய சிவப்புக் கோட்டுகள் அத்தனையும் வெளுத்து, பின்னறையில் ஆயிரம் துணிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தன. எந்தக் கொக்கியில் யாருடைய கோட்டு என்பது கணினிக்கு மட்டும்தான் தெரியும். வேன் வெளியே நின்றது. அவர்கள் வாத்தியங்களோடு கடைக்குள் நின்றார்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று பேண்டு மாஸ்டர் ஒத்திகையைத் தொடங்கிவிட்டார். தொலைபேசியில் தம்பி பேசியதில் பாதியை ஊதுகொம்பு தின்றுவிட்டது.

சீப்பு தன் கணினியில் நிரலைத் திறந்தாள். ஒரு கோட்டை ஒப்படைப்பதுபோல் பதிவு செய்து, அதையே திரும்ப வாங்கிப் பார்த்தாள். அற்புதமாக வேலை செய்தது. பார்ப்போம் சார் மற்ற கிளைகளுக்குத் தொலைபேசி போட்டார். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. ஆக, பழுது தம்பியின் கவுண்டரில் மட்டும். அவன் ஒருமுறை கணினி விசைப்பலகையில் தேநீர் கொட்டிய கதை சார் காதுக்கு எப்போதோ வந்திருந்தது. சார் சீப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தேநீர் இருந்தது.

அடுத்ததாக எல்லாரும் தரும் அறிவுரையை அவளும் தந்தாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. அவன் போட்டான். சிரித்தது. திரும்ப அணைத்தான். திரும்பச் சிரித்தது. ஒரு கட்டத்தில், மாஸ்டர் காபி குடிக்கப் போயிருந்த இடைவெளியில், தம்பி உற்சாகமாக அழைத்தான். சரியாகிவிட்டது, வேலை செய்கிறது என்றான். அலுவலகத்தில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். எதற்கும் நல்லபடியாக இருக்கட்டும் என்று இன்னொருமுறை அணைத்துவிட்டுப் போட்டானாம். மறுபடியும் சிரிக்கிறது.

"வேலை செஞ்சதை எதுக்குடா அணைச்ச?"

"நீதான அணைச்சுப் போடுன்ன?"

"அது வேலை செய்யலைன்னா."

"அப்ப முழுசாச் சொல்லணும்."

சண்டைக்கு அது நேரமில்லை. அங்கே முதலாளியம்மா தன் கிளைகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. இங்கே பார்ப்போம் சார் அறைக்குள் இங்குமங்கும் நடந்தார். அவர் பார்ப்போம் என்று சொல்லாதது எல்லாருக்கும் பயத்தைத் தந்தது. கீழே பல் மருத்துவரிடம் யாரோ கதறினார்கள். சீப்புக்கு அது தன் குரல்போலவே கேட்டது.

அவள் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தான். இந்த அலுவலகத்துக்கு நான் எதற்கு? என்னை எடுத்துவிட்டால் எது நிற்கும்? ஒரு நாள் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு இந்த நாற்காலியைப் பார்த்து, இது எதற்கு இங்கே சும்மா என்று என்னையும் அழித்துவிட்டுப் போவார். சோதனையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். தேவையில்லாததைக் கண்டால் அவள் கை பரபரத்ததெல்லாம் சுத்தத்தின் மேல் இருந்த ஆசையா, அல்லது தான் தேவையில்லாதவர்கள் பக்கம் இல்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரமா என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததே தவிர, அதற்குப் பதில் யோசிக்க நேரம் இல்லை. தொலைபேசியில் ஊதுகொம்பு அடித்தொண்டையில் முழங்கிக்கொண்டிருந்தது.

அவள் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஒரு தடவை சரியாக வேலை செய்ததே, அப்போது என்ன செய்தாய்?

ஒன்றும் செய்யவில்லை என்றான். போர்வையோடு ஒருவர் வந்தார். பேண்டுக்காரர்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, வெளுக்கப் போட வேண்டும் என்றார். அவருக்குச் சீட்டு போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாம் வேலை செய்தது.

"அதுக்கு முன்னாடி யாராவது துணி குடுத்தாங்களா?"

"யாரு குடுப்பா? காலையிலேர்ந்து எல்லாரும் வாங்கத்தான் நிக்கிறாங்க."

சீப்பு தொலைபேசியைக் கீழே வைக்காமலே தன் கணினிப் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்ததெல்லாம் முதலில் கொடுத்து, பிறகு வாங்குவது. சோதனைகளை எழுதிய மகாராசன்கள் அத்தனை பேரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கொடுக்காத துணியை எப்படி வாங்க முடியும்? அறிவுள்ள யாரும் அப்படிச் சோதிக்க மாட்டார்கள். ஆனால் கடை அப்படித்தானே திறக்கிறது. கொடுத்தவர்கள் நேற்றே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று காலை, கணினி இப்போதுதான் கண் விழித்திருக்கும்போது, முதலில் வருகிறவர் வாங்க வருகிறார்.

அவள் நிரலை மூடித் திறந்தாள். ஒன்றும் கொடுக்காமல், பழைய பதிவிலிருந்த ஒரு வேட்டியைத் திரும்பக் கேட்டாள்.

சிரித்தது.

"எரர் வந்துடுச்சு" என்றாள் சீப்பு. கண்ணாடி அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்தார். பார்ப்போம் சார் ஓடி வந்தார். பிள்ளை பிறந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல மூன்று பேரும் அந்தச் சிரித்த முகத்தை ஆசையோடு பார்த்தார்கள். வேறு எந்தத் தொழிலிலும் தவறு கண்ணுக்குத் தெரிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுவார்களா என்று தெரியவில்லை.

உண்மையான பிழை விவரம் இப்போது அவள் கணினியிலேயே இருந்தது. படித்ததும் புரிந்தது. ஒருவர் துணி வாங்க வந்தால், நிரல் துணிக் கோப்பை அழைக்கிறது. துணிக் கோப்போ தன் முதல் வரியிலேயே, வாடிக்கையாளர் வரட்டும், பிறகு என் கதையைச் சொல்கிறேன் என்கிறது. சரி என்று வாடிக்கையாளர் கோப்பைத் திறந்தால், அது தன் முதல் வரியில், துணியிடம் ஒரு சாமான் வாங்க வேண்டியிருக்கிறது, அதைக் கொடு, பிறகு என் கதை என்கிறது. துணி ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. வந்துவிட்டது என்று பெயர், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேட்ட சாமான் அதனிடம் இன்னும் இல்லை. அவ்வளவுதான், இரண்டும் விழுந்துவிடுகின்றன.

இதே ஜோடியில் வாடிக்கையாளரை முதலில் அழைத்தால் சண்டையே இல்லை. வாடிக்கையாளர் துணியை அழைப்பார். துணி வாடிக்கையாளரைத் தேடும், வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்து, இருக்கிறார், போதும், இப்போதைக்கு அவரிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தன் கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிடும். பிறகு வாடிக்கையாளரும் கேட்டதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவார். துணி கொடுக்க யாராவது வந்தால் நடப்பது இதுதான். ஒருமுறை இரண்டும் முழுதாக வந்துவிட்டால், கணினியை அணைக்கும்வரை கவலையில்லை. மற்ற கிளைகளில் காலையில் யாரோ அழுக்குத் துணியோடு முதலில் வந்திருக்கிறார்கள். தம்பி அணைத்து அணைத்துப் போட்டது, ஆறிக்கொண்டிருந்த புண்ணை மறுபடி மறுபடி கிளறியதற்குச் சமம்.

தலையில் அனாதையாகக் கிடந்த அந்த ஒற்றை வரி செய்துகொண்டிருந்த வேலை இதுதான். வாடிக்கையாளர் எப்போதும் முதலில் வந்துவிடும்படி பார்த்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருந்ததே அதன் வேலை.

சீப்புக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம் சார், தம்பி அங்கேதான் இருக்கான். ஆமாம் மேடம், அக்கா அங்கேதான் இருக்கா. பாதி ஆளாக இருந்துகொண்டு ஒருவர் பெயரை மற்றவர் சொன்ன அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அன்று தொலைபேசியில் கேள்வியை யார் முதலில் கேட்பது என்பது மட்டும் மாறியிருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்பார்கள்.

திருத்திய பதிப்பு கடைக்குப் போய்ச் சேர நேரமாகும். பேண்டுக்காரர்களின் வேன் ஓட்டுநர் அங்கே ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார். அது ஒத்திகையோடு ஸ்ருதி சேராமல் மாஸ்டரைக் கோபப்படுத்தியது. சீப்பு தொலைபேசியை மறுபடி காதில் வைத்தாள்.

"டேய், யாரையாவது ஒரு துணி குடுக்கச் சொல்லு. அழுக்குத் துணி. இப்பவே."

"அக்கா, இங்க இருக்கிறவங்க எல்லாம் வாங்க வந்தவங்க. குடுன்னா அடிப்பாங்க."

"அப்ப நீ குடு."

"நான் என்னத்தைக் குடுக்க?"

"என்ன போட்டிருக்க?"

அவன் அன்று வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தான். கவுண்டரில் நிற்பதற்காக அம்மா தேய்த்துக் கொடுத்தது.

"விளையாடாத" என்றான்.

"கழட்டிக் கவுண்டர்ல வை. என் பேர்ல போடு, என் நம்பரைக் குடு. சாயங்காலம் நானே வந்து வாங்கித் தர்றேன்."

"முதலாளியம்மா வந்துட்டே இருக்காங்க."

"வர்றதுக்குள்ள கழட்டு."

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. தம்பி எல்லாருக்கும் முன்னால் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். அவசரத்தில் ஒன்று தெறித்து ஊதுகொம்பு வாசிப்பவரின் காலடியில் உருண்டது. பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து மாஸ்டர் ஒத்திகையை நிறுத்தினார். அன்று காலை அந்தக் கடையில் விழுந்த முதல் அமைதி அதுதான். பனியனோடு நின்றபடி தம்பி தன் சட்டையையே கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வைத்து, எடுத்து, எடை பார்த்து, தனக்குத் தானே சீட்டுக் கிழித்துக் கொடுத்தான். பிறகு மாஸ்டரின் சீட்டை வாங்கி எண்ணைத் தட்டினான்.

கொக்கி எண் வந்தது.

அதற்குப் பிறகு கோட்டுகள் வந்தவண்ணம் இருந்தன. பெரிய முரசு அடிப்பவருக்குப் பெரியது, குழல் வாசிப்பவருக்குச் சின்னது, எல்லாம் அதனதன் ஆளுக்கு. சிவப்புக் கோட்டு வரிசை வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் முதலாளியம்மா உள்ளே வந்தார். கடை நிறையக் கோட்டுப் போட்டவர்கள், அவர்களுக்கு நடுவே பனியனோடு தன் ஊழியர். என்ன இது என்று கேட்டார். தம்பி யோசிக்காமல், "துணியைச் சோதிச்சுப் பாத்துட்டிருந்தேம்மா" என்றான். யார் துணியை என்று அவர் கேட்கவில்லை. வரிசை நகர்கிறது, வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள், அது போதும் அவருக்கு. போகும்போது, ஊழியர்களுக்குச் சீருடை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் அந்த வரியை அழித்தது யார் என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த வரியை யார் எப்போது தொட்டார்கள் என்பது தானாகப் பதிவாகும். சீப்பின் பெயர் திரையில் பளிச்சென்று இருந்தது. அந்த வரியை முதன்முதலில் எழுதியவர் யார் என்று கண்ணாடி அண்ணன் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தார். எழுதியவர் பார்ப்போம் சார்.

சார் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் எதுக்கு இதைப் போட்டேன்?" என்று சீப்பிடமே கேட்டார்.

அவள் விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டார். ஒரு குறிப்பு எழுதியிருக்கலாமே சார் என்று கண்ணாடி அண்ணன் மெதுவாகச் சொன்னார். "இனிமே பார்ப்போம்" என்றார் சார். அந்தச் சொல் திரும்பி வந்ததும்தான் அறைக்குள் எல்லாருக்கும் உயிர் வந்தது. அவளுடைய வேலை பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது நிரந்தரமாக்கினார். அதையும் கணக்காளர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

சரியான வைத்தியம் என்ன என்று சீப்புக்குத் தெரியும். துணிக்கும் வாடிக்கையாளருக்கும் பொதுவாக உள்ளதைப் பிரித்தெடுத்து மூன்றாவதாக ஒரு கோப்பில் வைக்க வேண்டும். இரண்டும் அதைக் கேட்கட்டும், அது யாரையும் கேட்காது. பிறகு யார் முதலில் வந்தாலும் பயமில்லை. செய்யலாம், நாலு நாள் வேலை. அன்றைக்கு அவசரத்துக்கு, அழித்த வரியை அழித்த இடத்திலேயே திரும்ப எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டாள். 'தற்காலிகம். பொதுவானதைத் தனிக் கோப்பாகப் பிரித்தபின் இந்த வரியை எடுத்துவிடலாம். அதுவரை தொடாதீர்கள்.' கீழே தன் பெயர்.

அன்று சாயங்காலம் எல்லாக் கிளைகளுக்கும் திருத்தத்தை அனுப்பி, ஒவ்வொரு கிளையாக அழைத்து, கணினியை அணைத்துப் போட்டு, துணி எதுவும் கொடுக்காமலே வாங்கிப் பார்க்கச் சொல்லி முடிப்பதற்குள் சலவை நிலையம் மூடிவிட்டது. தம்பி பனியனுக்குமேல் யாருடையதோ பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மழை இல்லாத நாள். அப்பா ஏன் என்று கேட்டார். வெயில் என்றான்.

சட்டையை வாங்க மறுநாள் போகலாம் என்றிருந்தாள். மறுநாள் வேறொன்று வந்தது. ஒருமுறை போகவும் செய்தாள். கடைக்குள் நுழைந்ததும் காலிக் கொக்கிகள் தாறுமாறாக மாட்டியிருந்ததைப் பார்த்து, அவற்றையெல்லாம் ஒரே திசையில் திருப்பி மாட்டிவிட்டு, தம்பியோடு தேநீர் குடித்துவிட்டு, சட்டையை மறந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் ஞாபகம் வந்தது. நீயே எடுத்து வந்துவிடேன் என்று அவனிடம் சொன்னபோது, அவன் மாட்டேன் என்றான்.

"குடுத்தவங்கதான் வாங்கணும். உன் சாமானே அப்படித்தான சொல்லுது?"

அது உண்மை. யார் எண்ணில் பதிவாகியிருக்கிறதோ அவர் கைபேசிக்கு ஓர் ஒப்புதல் எண் போகும், அதைச் சொன்னால்தான் துணி கொக்கியைவிட்டு இறங்கும். அந்தப் பகுதியை எழுதியவள் அவளேதான்.

பிறகு சீப்பு பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். கிளம்பும் நாளில் மேசையைத் துடைத்து, இழுப்பறையைக் காலி செய்து, கம்பிகளைச் சுற்றி ரப்பர் போட்டு வைத்துவிட்டுத்தான் வந்தாள். மூன்றாவது கோப்பை மட்டும் பிரிக்கவில்லை. நாலு நாள் வேலைக்கு அங்கே நாலு நாள் சேர்ந்தாற்போல் ஒருபோதும் கிடைக்கவில்லை என்பது அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம். அவ்வளவு நாளும் அந்த வரி அங்கே கோணலாகக் கிடந்தும் அவளை உறுத்தவில்லை என்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. கண்ணாடி அண்ணன் எப்போதாவது அழைத்தால், தற்காலிகம் நலமாக இருக்கிறது என்பார்.

தம்பி இப்போது அந்தக் கிளைக்கு மேலாளர். முதலாளியம்மா சொன்னபடி சீருடை வந்துவிட்டது. யாரும் வாங்காத பழைய துணிகளை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். அப்போதெல்லாம் அவன் அந்த வெளிர் நீலச் சட்டையை மட்டும் எடுத்துப் பின்வரிசைக் கடைசிக் கொக்கிக்கு மாற்றிவிடுகிறானாம். அது இப்போது அவனுக்குச் சேராது. வயிறு வந்துவிட்டது. ஆனாலும் வந்து வாங்கித் தருகிறேன் என்றவள் வந்து வாங்கித் தரட்டும் என்கிறான்.

மாதம் பிறந்தால் சீப்பின் கைபேசி ஒருமுறை சிணுங்கும். கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவள் எடுத்துப் பார்ப்பாள்.

'வணக்கம். தங்கள் துணி தயாராக உள்ளது. சட்டை, வெளிர் நீலம், ஒன்று. பொத்தான் ஒன்று குறைவு. தயவுசெய்து பெற்றுக்கொள்ளவும்.' பக்கத்தில் அந்தச் சிரித்த முகம்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது முதல் வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவள் கைபேசியைக் கவிழ்த்து மேசை விளிம்புக்கு நேராக வைப்பாள். சட்டை அங்கே தொங்குகிறது.